ஒரு சொட்டும் சிந்தாத பால்

கேளுங்கள், காதுள்ளவர்கள் எல்லோரும் கேளுங்கள். சாலைக்கு மண் கொட்டும் பொறுப்பில் இருக்கிற பெரிய மனிதர்கள் சற்று முன்னால் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

முன்னொரு காலத்தில் ஏழூர் நாடு என்று ஒரு நாடு இருந்தது. ராஜா என்று ஒருவரும் இருந்தார்தான். ஆனால் அவர் இருபது நாள் பயணத் தொலைவில் இருந்தார். அதனால் நாட்டை ஆண்டது சபை. சபையில் ஏழு பெருமக்கள். ஏழு பேரும் நல்லவர்கள், ஏழு பேரும் படித்தவர்கள், ஏழு பேரும் கால் தரையில் படாதவர்கள்.

ஏழூர் நாட்டுக்கு ஒரே ஒரு பெருவழி. கொன்றையூரில் தொடங்கிச் சந்தையூரில் முடியும். அதற்கு ஒரு பக்கம் முள்காடு, மறுபக்கம் ஆறு. உப்பு போவதும் நெல் போவதும் கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீடு வருவதும் அந்த வழியின் மேல்தான். மேல் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் அதற்குள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்துதான் போக வேண்டும்.

மொத்தம் நாற்பத்தொரு குழிகள். சில குழிகளில் வண்டிச் சக்கரம் பாதி மறையும். சிலவற்றில் மாடே பாதி மறையும்.

சபை சும்மா இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், சபை ஆண்டுதோறும் சாலையைச் சோதித்தது. அதற்கு முன்னோர் வகுத்த முறை ஒன்று இருந்தது. தை மாதத்தில் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் விளிம்பு வரை பால் ஊற்றி, வழி நெடுகக் கொண்டுபோக வேண்டும். பால் சிந்தினால் சாலை கெட்டது. சிந்தாவிட்டால் சாலை செம்மை.

நல்ல முறைதான். கிண்ணத்தை மாட்டுவண்டியில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லித்தான் முன்னோர் வகுத்திருந்தார்கள். வண்டி ரொம்பக் குலுங்குகிறது என்று பின்னால் வந்த பெருமக்கள் அதைப் பல்லக்குக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே தை பிறந்தால் சபைத் தலைவர் அம்பலவாணர் பட்டுடுத்திப் பல்லக்கில் ஏறுவார். மடியில் பால் கிண்ணம் இருக்கும். மற்ற ஆறு பெருமக்களும் கொன்றையூரிலேயே இருந்துகொண்டு, ஓலையில் முன்கூட்டியே ஒப்பமிட்டுவிடுவார்கள். சந்தையூர் போய்ச் சேர்ந்ததும் தலைவர் கிண்ணத்தைப் பார்ப்பார். ஒரு சொட்டும் குறைந்திருக்காது. பாலைக் குடித்துவிட்டு ஓலையில் எழுதச் சொல்வார்: "வழி செம்மை. குழி இல்லை."

பால் சிந்தாததற்குக் காரணம் சாலை அல்ல, தவசி.

தவசி பல்லக்கின் முன்தண்டு பிடிப்பவன். அவனைப் போல ஒரு தூக்கி ஏழூர் நாட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முழங்காலை மடக்கி, தோளைத் தாழ்த்தி, எந்தப் பள்ளத்தையும் தன் உடம்புக்குள்ளேயே வாங்கிக்கொள்வான். பின்னால் வரும் மூன்று பேருக்கும் முன்னால் இருப்பது தெரியாதல்லவா? அதனால் பாட்டாகப் பாடிச் சொல்வான்.

"இடப்பக்கம் மாமியார் பள்ளம், எட்டி வையடா… வலப்பக்கம் யானைக்குழி, வளைஞ்சு வாருங்கடா…"

நாற்பத்தொரு குழிக்கும் அவன் பெயர் வைத்திருந்தான். நாற்பத்தொரு பெயரும் பாட்டில் வரும். பல்லக்குக்குள் அம்பலவாணர் கண்ணை மூடித் தலையசைத்து ரசிப்பார். ஏதோ சாமி பாட்டு என்று அவருக்கு எண்ணம். "குழியில்லாத சாலையில் போகும்போதுதான் இப்படிப் பாட்டு வரும்" என்று ஒருமுறை சொல்லவும் சொன்னார்.

ஒவ்வோர் ஆண்டும் சபை தவசிக்குத் தலைப்பாகைத் துணி ஒன்று கட்டி அனுப்பியது. பன்னிரண்டு ஆண்டில் பன்னிரண்டு துணிகள். அவற்றை அவன் ஒரு பானைக்குள் மடித்து வைத்திருந்தான். கட்டிக்கொண்டால் அழுக்காகிவிடுமாம்.

பன்னிரண்டாவது ஆண்டுத் தையில், துணி வாங்கிய அதே வாரம், செக்காட்டுபவனின் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக வண்டியில் வந்தாள். மாமியார் பள்ளத்தில் வண்டி குடைசாய்ந்து, வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. செய்தி கேட்ட தவசி என்ன சொன்னான் தெரியுமா? "வண்டிக்காரனுக்கு ஓட்டத் தெரியலை" என்றான். சொல்லிவிட்டுத் துணியை மடித்துப் பானையில் வைத்தான்.

அடுத்த ஐப்பசியில் சந்தையூரிலிருந்து ஆள் வந்தது. தவசியின் ஒரே மகள் நாச்சி முழுகாமல் இருக்கிறாள், மாசியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சேதி. தவசி தெருவெல்லாம் வெல்லம் கொடுத்தான். அவன் மனைவி பேச்சி மட்டும் வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்த வழியா வரும் நம்ம புள்ள?" என்று கேட்டாள்.

தவசி வாயில் போடப்போன வெல்லத்தைத் திரும்பத் தட்டில் வைத்தான். இருந்தது ஒரே வழிதானே.

"நீங்க நாலு பேரும் தூக்கிட்டு வந்துர முடியாதா?"

"சபைக்குத் தூக்குற தோள் வேற யாரையும் தூக்கக் கூடாதுன்னு கட்டளை இருக்குல்ல. பெத்த மகளே ஆனாலும் தீட்டுப்பட்ட மாதிரியாம்."

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்டளையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவனும் அவன்தான்.

மறுநாளே தவசி வழி வாரியத்துக்குப் போனான். சாலைகளைக் காக்கிற பெருமக்கள் அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழிகளை மூட வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டான். "மழைக்காலம். குழியில் தண்ணீர் நிற்கிறதே? தண்ணீர் நின்றால் அது ஏரி வாரியத்தைச் சேர்ந்தது" என்றார்கள்.

ஏரி வாரியத்துக்குப் போனான். அவர்கள் ஒரு ஆளை அனுப்பிக் குழிகளைப் பார்த்துவரச் சொன்னார்கள். போனவன் எல்லாக் குழியிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்து, மீன் இல்லை என்றான். "மீன் இல்லாத நீர் எப்படி ஏரியாகும்? வழி வாரியத்திடம் போ" என்றார்கள்.

மூன்றாவதாகச் சபைக்கே போனான். ஏழு பெருமக்களும் கூடியிருந்தார்கள். தவசி தரையில் விழுந்து கும்பிட்டு, "சாமி, என் மக மாசியில வண்டியில வரணும். ரோட்டுல நாப்பத்தோரு குழி கிடக்கு. நீங்கதான் காப்பாத்தணும்" என்றான்.

அம்பலவாணர் பழைய ஓலைகளை எடுத்துவரச் சொன்னார். பன்னிரண்டு ஓலைகளையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். வழி செம்மை, குழி இல்லை. வழி செம்மை, குழி இல்லை. பன்னிரண்டு முறையும் அதுவே வந்தது.

"இதற்குச் சாட்சி யார் தெரியுமா? உன் தோள்தான். பன்னிரண்டு ஆண்டு உன் தோள் இல்லை என்று சொன்ன குழியை இப்போது உன் வாய் இருக்கிறது என்கிறது. நாங்கள் எதை நம்புவது? சபைக்கு உன் தோள்மேல் நம்பிக்கை அதிகம், போய் வா" என்றார் அம்பலவாணர்.

ஆறு பெருமக்களும் ஆகா என்றார்கள். எத்தனை நியாயமான சபை பாருங்கள்!

தவசி வீட்டுக்கு வந்து பானையைக் கவிழ்த்தான். பன்னிரண்டு துணிகளும் புதிது மாதிரியே விழுந்தன. செக்காட்டுபவன் மனைவியின் முகம் அவனுக்கு நினைவு வந்தது. அவன் அழுதான். வெட்கத்தில் அழுதான், பயத்திலும் அழுதான்.

தை பிறந்தது. பால் ஊற்றினார்கள், ஆறு பெருமக்கள் ஒப்பமிட்டார்கள், அம்பலவாணர் ஏறினார். பல்லக்கு கிளம்பியது. தவசி குழி எதையும் தேடிப் போய் மிதிக்கவில்லை. உங்களையும் என்னையும் போல நடந்தான், அவ்வளவுதான். வாயை மட்டும் மூடிக்கொண்டான்.

"என்னடா தவசி, பாட்டைக் காணோம்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சு சாமி."

முதல் குழியில் பால் துள்ளித் தலைவரின் தாடியை நனைத்தது. இரண்டாவது குழியில் பட்டு வேட்டி நனைந்தது. பாதி வழியில் மாமியார் பள்ளம் வந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது வந்ததே தெரியவில்லை. பல்லக்கு ஒருபக்கம் சரிந்தது. கிண்ணம் ஒருபக்கம் ஓடியது. தலைவர் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் கால் அந்தச் சாலையில் பட்டது அதுதான் முதல்முறை. கால் மட்டுமா பட்டது!

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு பக்கமும் மண்சுவர் தெரிந்தது.

"இது என்னடா?"

"சாமி, இதுதான் ஓலையில இல்லாத குழி."

அன்றைக்கே சபை கூடியது. பால் சிந்தியது உண்மை. அதனால் ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும். சாலை கெட்டது என்று எழுதினால் முந்தைய பன்னிரண்டு ஓலைகளும் பொய்யாகும். பெருமக்கள் வெகுநேரம் யோசித்து, "வழி செம்மை. தோள் கெட்டது" என்று எழுதினார்கள். தவசியையும் அவன் கூட்டாளிகள் மூவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். பன்னிரண்டு துணிகளையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இனி அந்தத் தோள்கள் சபையைச் சேர்ந்தவை அல்ல என்று முரசறைந்தும் சொன்னார்கள்.

முரசு கேட்டதும் பேச்சிதான் முதலில் சிரித்தாள். "அப்ப இனிமே யாரை வேணும்னாலும் தூக்கலாம்ல?" என்றாள்.

சபை புதுத் தூக்கிகளை அமர்த்திச் சோதனையை மறுபடி நடத்தியது. பால் சிந்தியது. இன்னும் நாலு பேரை மாற்றினார்கள், அப்போதும் சிந்தியது. பிறகு ஓர் அறிவாளிப் பெருமகன் பாலுக்குப் பதில் உறைந்த தயிர் வைக்கலாம் என்றார். தயிர் சிந்தாது பாருங்கள்! வைத்தார்கள். சந்தையூர் போய்ச் சேர்ந்தபோது கிண்ணத்தில் மோரும் அதன்மேல் வெண்ணெயும் இருந்தன. வழி செம்மை என்பதோடு வெண்ணெயும் தரவல்லது என்று எழுதினார்கள். எழுதும்போது அம்பலவாணர் மட்டும் குப்புறப் படுத்திருந்தார். நாலு பயணத்தில் அவர் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மாசி வந்தது. தவசியும் மூன்று கூட்டாளிகளும் ஒரு கயிற்றுக் கட்டிலுக்கு மூங்கில் கட்டிச் சந்தையூர் போய், நாச்சியை அதில் படுக்கவைத்துத் தூக்கிக் கிளம்பினார்கள். தவசி வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. முழங்கால் மடங்கியது, தோள் தாழ்ந்தது, தொண்டை தானாகத் திறந்தது. குழிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பாட்டில் வந்தன. கட்டில், தொட்டில் போல அசைந்து வந்தது.

பாதி வழியில் நாச்சி கண்விழித்தாள்.

"எப்பப்பா ரோட்டைச் சரி பண்ணுனாங்க? ஒரு குலுக்கலும் இல்லையே! எங்க தெருவுல ரெண்டு பேரு மாசமா இருக்காங்க. பயப்படாம வண்டி கட்டி வாங்கன்னு சொல்லி அனுப்பிரலாமா?"

தவசியின் கால் நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. அம்பலவாணர் பன்னிரண்டு ஆண்டு பல்லக்குக்குள் இருந்து கண்டதைத்தான் இப்போது தன் மகளும் கண்டிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"இறக்குங்கடா" என்றான்.

கட்டிலை இறக்கி, மகளைக் கைத்தாங்கலாக எழுப்பி, மாமியார் பள்ளத்தின் விளிம்புக்கு நடத்திக்கொண்டு போனான். அவள் எட்டிப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்தபடி ஓரடி பின்வாங்கினாள்.

"பாத்துக்க தாயி. ரோடு அப்படியேதான் இருக்கு. அப்பன் தோள்தான் இத்தனை வருசமா பொய் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அந்த ரெண்டு பொண்ணுங்களையும் வர வேண்டாம்னு சொல்லி அனுப்பு" என்றான்.

பிறகு ஒவ்வொரு குழியிலும் கட்டிலை இறக்கி அவளுக்குக் காட்டினான். வீடு வந்து சேர இருட்டிவிட்டது. நாச்சிக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அவள் மாமியாருக்கும் தெருக்காரர்களுக்கும் நாற்பத்தொரு குழிகளின் பெயரையும் சொல்லி அனுப்பினாள். அதன்பின் ஏழூரிலும் எல்லோர் வாயிலும் அந்தப் பாட்டுதான். சபை வாசலில் வந்து நின்றும் பாடினார்கள். அம்பலவாணர் இப்போது படுத்தபடி, முதல்முறையாக அதன் சொற்களைக் கேட்டார்.

பங்குனியில் குழிகள் மூடப்பட்டன. சபையின் கருணையால் மூடப்பட்டன என்று ஒரு கல்லும் நட்டார்கள். சபை சாலையில் செய்த வேலைகளில் ரொம்ப உறுதியானது அந்தக் கல்தான். அதில் தவசியின் பெயர் இல்லை. அவனும் அதைத் தேடவில்லை. செக்காட்டுபவன் வீட்டுக்குத்தான் போனான். வாசலில் நின்று, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

கதையும் வழியும் இங்கே முடிகின்றன. நீதி இதுதான்: பெரியவர்கள் செய்யாமல் விட்ட வேலையைத் தன் திறமையால் மூடி மறைத்துப் பாராட்டு வாங்குகிறவன், அந்தக் குழியில் விழுகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவன்.