நான்காம் நாளை மறுபடி கேட்ட மன்னர்

முன்னொரு காலத்தில் ஒரு பெரிய தலைநகரம் இருந்தது. பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். அங்கே அறுவடை முடிந்த கையோடு ஏழு நாள் இசைவிழா நடக்கும். கடைத்தெருவில் நாகஸ்வரம், கோயில் மண்டபத்தில் வீணை, யானைக்கொட்டாரத்துத் திடலில் உறுமியும் பறையும், ஆற்றங்கரைப் பந்தலில் வாய்ப்பாட்டு. அந்த வாரம் மாமியார் மருமகள் சண்டையைக்கூட விழா முடியட்டும் என்று தள்ளி வைத்துவிடுவார்கள்.

மன்னர் நல்லவர். ஒரே ஒரு குறை. ஒன்று பிடித்துவிட்டால் அது மறுபடி வேண்டும், உடனே வேண்டும், அப்படியே வேண்டும்.

அவருடைய சபையில் விகடகவியாக இருந்தவன் குழைக்காதன். அவன் மனைவி கோமளவல்லி பாட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தெருப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. அந்த வருடம்தான் முதல்முறையாக அவளுக்கு விழாவில் பாட அழைப்பு வந்தது. நான்காம் நாள் மாலை, ஆற்றங்கரைப் பந்தல்.

அவள் நீலாம்பரி ராகம் பாடினாள். மன்னர் தாமதமாகத்தான் வந்தார். வந்து உட்கார்ந்தவர் அசையவில்லை. ஓரிடத்தில் அவள் குரலை மெல்ல மெல்லக் கீழே இறக்கி, அணைத்துக்கொண்ட மாதிரி நிறுத்தினாள். மன்னர் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார். கச்சேரி முடிந்ததும் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

அதுவரை அந்த மாதிரி மாலைகள் எல்லாம் தாண்டவராயரின் சீடர்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. தாண்டவராயர் அரண்மனை இசைச் சபையின் தலைவர். ஒரு விகடகவியின் பெண்டாட்டி முத்துமாலையோடு படி இறங்கிப் போனதைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை சபை கூடியது. பாராட்டுவதற்காகக் கோமளவல்லியையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, நேற்றுக் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. அதை மறுபடி கேட்க வேண்டும்" என்றார் மன்னர்.

"பாடுகிறேன், மன்னா. ஆனால் அதே மாதிரி வருமா என்று தெரியாது. பாடும்போது வருவதுதான்" என்றாள் அவள் உள்ளதைச் சொல்லி.

தாண்டவராயர் எழுந்தார். அவர் முகத்தில் தேன் வழிந்தது.

"மன்னர் பெருமானே, தெரிந்து பாடியவருக்குத் திரும்பப் பாடவும் தெரியும். தெரியாது என்றால் நேற்று வந்தது கலையா, காற்றில் அடித்துக்கொண்டு வந்த அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டத்துக்கா அரசரின் முத்துமாலை?"

சபை முணுமுணுத்தது. கோமளவல்லியின் முகம் சிவந்துபோனது. அதைப் பார்த்ததும் குழைக்காதனுக்குப் பொறுக்கவில்லை.

"பாடுவாள், மன்னா!" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையைக் கவனித்தான்.

"அப்படியானால் விழாவின் கடைசி நாள் நேற்றைய மாலை அப்படியே திரும்ப நடக்கட்டும். எதுவும் மாறக்கூடாது" என்றார் மன்னர்.

"தவறினால் தண்டனை வேண்டாமா, பெருமானே?" என்றார் தாண்டவராயர். "தவறியவர் இனி இந்த நாட்டில் வாய் திறந்து பாடக்கூடாது என்று வையுங்கள். நாளைக்கு மத்தளக்காரர் மாற்றினார், தாளக்காரர் மாற்றினார் என்று யாரும் தப்பக்கூடாது. மாற்றியவர் யாராயிருந்தாலும் என்று கட்டளையில் சேருங்கள். நேற்றுப் பாடியது ஸ்வரம் ஸ்வரமாக என் மனத்தில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல நான் இருக்கிறேன்."

மன்னர் தலையசைத்தார். அன்று மதியமே தெருத் தெருவாக முரசு அறைந்து கட்டளையைச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோமளவல்லி கதவைச் சாத்தினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவர் உன்னை அப்படிப் பேசும்போது..."

"பேசட்டுமே! பேச்சுதானே? இப்போ என் தொண்டையை எடுத்துப் பணயம் வெச்சுட்டு வந்திருக்கீங்க. நான் பாடாம இருந்துடுவேனா? ஒரு நாள் இருப்பேனா, சொல்லுங்க!"

குழைக்காதன் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான்.

அன்றிலிருந்து அவள் பாட்டுச் சாதகம் செய்தாள். நீலாம்பரியைத் தொடுவாள், பாதியில் நிறுத்துவாள். "இல்லை, இது இல்லை" என்பாள். மறுபடி தொடுவாள். தேடத் தேட அந்த மாலைநேரத்துப் பாட்டு அவளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஆறாம் நாள் மதியம் குரல் கம்மிவிட்டது. தம்பூராவைச் சுவரில் சாய்த்துவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

குழைக்காதன் திப்பிலிக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு நாளாக அவன் வீடு தங்கவில்லை. பந்தல்காரன், விசிறி வீசுகிறவன், வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பெண் என்று ஊரெல்லாம் சுற்றி, "நான்காம் நாள் நீ எங்கே இருந்தாய்? உன் பக்கத்தில் யார்? அவர் என்ன செய்தார்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான். விகடகவிக்குப் பயத்தில் மூளை கலங்கிவிட்டது என்று தாண்டவராயர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"இனி சாதகம் வேண்டாம்" என்றான் குழைக்காதன். "நாளைக்கு உனக்கு என்ன தோணுதோ அதைப் பாடு."

"அது வேற மாதிரி வந்தா?"

"வரட்டும்."

"விளையாடறீங்களா?"

"இல்லை, கோமளம்."

கஷாயத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தம்பூராவை எடுத்து அவனே உறையில் போட்டுக் கட்டினான். அதைப் பார்த்ததும்தான் அவன் விளையாடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பயமும் அதிகமானது. ஆனாலும் கஷாயத்தை எடுத்துக் குடித்தாள்.

கடைசி நாள். மற்ற இடங்களில் கச்சேரி கேட்க ஆள் இல்லை. ஊரே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. மன்னரும் அரசியும் நேரத்தோடு வந்து அமர்ந்தார்கள். தாண்டவராயர் முன்வரிசைத் திண்டில் சாய்ந்திருந்தார்.

கோமளவல்லி தம்பூராவை மீட்டினாள். வாய் திறக்குமுன் குழைக்காதன் மேடை ஏறிக் கைகூப்பினான்.

"மன்னர் மன்னிக்க வேண்டும். அன்று தாங்கள் தாமதமாக வந்தீர்கள். எதுவும் மாறக்கூடாது என்பது கட்டளை. தயவுசெய்து வெளியே போய், பாட்டுத் தொடங்கிய பிறகு வர வேண்டும்."

மன்னரின் புருவம் ஏறியது.

"குழைக்காதா, இன்று விகடம் வேண்டாம்."

"விகடம் இல்லை, மன்னா. பயம். மாற்றியவர் யாராயிருந்தாலும் என்று முரசு அறைந்திருக்கிறார்கள்."

மன்னர் பல்லைக் கடித்தார். ஆனால் கட்டளை அவருடையது. எழுந்து வெளியே போனார். சற்று நேரம் பொறுத்து உள்ளே வந்தார். அவர் உட்கார்ந்த வேகத்தில் ஆசனம் கிறீச்சிட்டது. கோமளவல்லியின் ஆலாபனை மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

குழைக்காதன் மறுபடி கை தூக்கினான். பாட்டு நின்றது.

"இன்னும் என்ன?" மன்னரின் குரல் பந்தலின் கடைசி வரை கேட்டது. "இன்னொரு முறை நிறுத்தினால் நீ இந்த மேடையிலிருந்து நடந்து இறங்க மாட்டாய்."

"இது ஒன்றுதான், மன்னா. அன்று இந்த இடத்தில் தாண்டவராயர் குறட்டை விட்டார். இன்று விழித்திருக்கிறார். அவரைத் தூங்கச் சொல்ல வேண்டும்."

"பொய்!" தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "நான் கண்ணை மூடி ரசித்தேன்!"

"ரசித்தபோது வாயிலிருந்து வெற்றிலைச் சாறு வழிந்ததே, சாமி" என்றாள் பின்னாலிருந்து வெற்றிலை மடிக்கும் பெண். "நான்தானே துடைச்சு விட்டேன்!"

"ஈ உட்காராமல் நான்தான் வீசினேன்" என்றான் விசிறிக்காரன்.

பந்தல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. தாண்டவராயர் வியர்த்தார்.

"நீலாம்பரி தூங்க வைக்கும் ராகம், பெருமானே! தூங்கினேன் என்றால் அது பாடகிக்கு நான் செய்த மரியாதை!"

"ஐயாவின் மரியாதைக்கு நன்றி" என்று வணங்கினான் குழைக்காதன். "ஆனால் ஒரு சங்கடம். இப்போது ஐயா தூங்கினால் தீர்ப்புச் சொல்ல முடியாது. தூங்காவிட்டால் மாற்றியவர் ஆவார். எது வசதி என்று அவரே சொல்லட்டும்."

தாண்டவராயர் மெல்ல உட்கார்ந்தார். ஆனால் மன்னர் சிரிக்கவில்லை.

"நல்லது. தூங்கியவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்" என்றார் அவர். "நான் விழித்திருந்தேன். எனக்கு நினைவிருக்கிறது. நானே சொல்கிறேன். பாடட்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது. குழைக்காதன் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தான். மனைவியை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

கோமளவல்லி கண்ணை மூடினாள். அன்று பாடியதைத் தேடவில்லை. இதுதான் கடைசியாகப் பாடுவது என்றால் எப்படிப் பாடுவோமோ அப்படிப் பாடினாள். கம்மியிருந்த குரல் முதலில் தடுமாறியது, பிறகு அந்தக் கம்மலே ஒரு குழைவாக மாறியது. மன்னர் காத்திருந்த இடம் வந்தது. அன்று இறக்கிய இடத்தில் இன்று அவள் இறக்கவில்லை. மேலே போனாள். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிற தாய் மாதிரி உயர்த்தி, அங்கேயே நின்றாள். பந்தலில் யாரோ 'ஆகா' என்று வாய்விட்டுச் சொன்னார்கள்.

பாடி முடித்ததும் ஒரு கை தட்டல் இல்லை. எல்லாரும் மன்னரைப் பார்த்தார்கள்.

"நன்றாக இருந்தது" என்றார் மன்னர் வருத்தத்தோடு. "ஆனால் அன்று போல இல்லை. அந்த இடத்தில் அன்று இறக்கினாள். இன்று ஏற்றிவிட்டாள்."

கோமளவல்லி தம்பூராவைத் தரையில் வைத்தாள்.

"தீர்ப்பு சரிதான், மன்னா" என்றான் குழைக்காதன். "ஒரே ஒரு கேள்வி. அன்று அந்த இடத்தில் தாங்கள் கண் கலங்கினீர்கள். ஊரே பார்த்தது. இன்று?"

மன்னர் யோசித்தார். "இன்று... இல்லை. பாட்டு வருவதற்கு முன்பே அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

"அவள் அந்த இடத்தைத் தொடும் முன்பே தாங்கள் மாறிவிட்டீர்கள். அன்று கேட்க வந்தவர், இன்று சோதிக்க வந்தார். முதலில் மாறியவர் தாங்கள்தான், மன்னா."

"கண்ணீரைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியுமா?" என்றார் மன்னர் கோபமாக.

கேட்டு முடித்த கணமே அவர் கேள்வி அவருக்கே உறைத்தது. மேடையில் இருந்தவளைப் பார்த்தார். அவளுடைய கம்மிய தொண்டையும் வீங்கிய கண்களும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன.

"முரசறைந்த கட்டளை இருக்கிறது" என்றான் குழைக்காதன் மிகவும் பணிவாக. "மாற்றியவர் யாராயிருந்தாலும் இனி இந்த நாட்டில் வாய் திறந்து பாடக்கூடாது. முதலில் மாற்றியவர் மன்னர். தண்டனையை நிறைவேற்றுவதா, கட்டளையையே தள்ளுபடி செய்வதா? தங்கள் சித்தம்."

மன்னர் பதில் சொல்வதற்குள் அரசி அவசரமாகக் கை உயர்த்தினாள்.

"கட்டளையைத் தள்ளுபடி செய்யாதீர்கள்! கோமளவல்லிக்கு வேண்டாம். தங்களுக்கு மட்டும் இருக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் குளியலறையில் தாங்கள் பாடுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!"

மன்னரே முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சால்வை நழுவ, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். ஆற்றின் அக்கரை வரை சிரிப்பு போனது.

கட்டளை ரத்தானது. தாண்டவராயர் வரும் ஆண்டு விழா முழுவதும் திண்டு இல்லாமல் நின்றுகொண்டே கேட்க வேண்டும் என்றார் மன்னர். குழைக்காதனுக்கு ஒரு பை பொன் கொடுத்தார். கோமளவல்லியின் முன் எழுந்து நின்று, "அம்மா, அடுத்த விழாவிலும் நீ பாட வேண்டும். என்ன வருகிறதோ அதைப் பாடு. நான் சும்மா கேட்கிறேன்" என்று சொல்லித் தம் பல்லக்கிலேயே அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

பல்லக்கில் ஒருவருக்குத்தான் இடம். பொன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு குழைக்காதன் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தான். திரைக்கு உள்ளேயிருந்து மெல்லிய முணுமுணுப்புக் கேட்டது.

"என்ன ராகம் அது, கோமளம்?"

திரை சற்று விலகியது.

"இன்னும் முடிவாகலை. பேசாம நடங்க."