மதில் தேடி வந்த உபதேசியார்

பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு மண்மேடு. வேதாகமக் காலத்தில் அது மதில் சூழ்ந்த நகரம். எஸ்தர் அம்மாள் அங்கே முப்பது வருடமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். அந்த வேலை கற்க வருகிறவர்களுக்கு அவர்தான் குரு.

ஒரு வருடம் ஞானாபரணம் என்ற உபதேசியார் வந்தார். குருவைவிட நாலு வயது மூத்தவர்.

"இந்த வயசுல எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"எக்காளம் ஊதினதும் இந்த ஊர் மதில் விழுந்துதுன்னு நாற்பது வருஷம் பிரசங்கம் பண்ணிட்டேன். போன மாசம் சபையில ஒரு பொண்ணு எழுந்து, நீங்க போய்ப் பார்த்தீங்களான்னு கேட்டா. அன்னையிலருந்து எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. மதில் விழுந்துச்சாம்மா?"

அம்மாள் ஒரு சின்ன மண்கொத்தியைக் கொடுத்தார். மேட்டில் ஒரு சதுரத்துக்குக் கயிறு கட்டினார்.

"தோண்டிப் பாருங்க. மண்ணோட நிறம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்க."

மற்றவர்கள் ஒரு நாளில் இரண்டு விரல் ஆழம் தோண்டினார்கள். ஞானாபரணம் ஒரு சாண் இறங்கினார்.

"என்ன உபதேசியாரே, கிணறா வெட்டுறீங்க?" என்றார் பக்கத்துக் குழியில் இருந்த மரியான்.

"கல்லு தட்டுப்படட்டும் தம்பி. அப்புறம் நிதானமாப் பார்ப்போம்."

கல் தட்டுப்படவில்லை. ஏழாம் நாள் அவர் தலை மட்டும் குழிக்கு வெளியே தெரிந்தது. அன்று மத்தியானம் கொத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மதிலே இல்லம்மா. வெறும் மண்ணு. நாற்பது வருஷம் பொய் சொல்லியிருக்கேன்."

அம்மாள் குழிக்குள் இறங்கினார். வெட்டுப்பட்ட பக்கத்தைத் தூரிகையால் துடைத்துத் தண்ணீர் தெளித்தார். ஈரம் இறங்க இறங்க மெல்லிய கோடுகள் தெரிந்தன. கோடுகளுக்கு நடுவே வரிசை வரிசையாக மண்கற்கள். எதிர்ப்பக்கத்திலும் தெளித்தார். அங்கேயும் அதே வரிசை.

"இங்க கருங்கல்லால கட்டலை. களிமண்ணை அச்சுல வார்த்து, வெயில்ல காயவச்சு அடுக்கினாங்க. இந்தப் பக்கமும் மதில், அந்தப் பக்கமும் மதில்."

"நடுவில?"

அம்மாள், உபதேசியார் வெட்டி வெளியே குவித்திருந்த மண்ணைக் காட்டினார்.

ஞானாபரணம் மண்கல்லைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். மறுபடியும் தொட்டார்.

"அப்போ மதில் இருந்திருக்கு" என்றார். முகம் மலர்ந்து, உடனே வாடியது. "இருந்துச்சு, சரி. விழுந்துச்சா, விழலையா? ஊருக்குப் போய் நான் என்னம்மா சொல்லட்டும்?"

"மத்த இடமெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. இந்த இடத்துல, நீங்க வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டிருந்துச்சு."