கழுத்தில் ஓர் ஊசி

சுடலைமணி ஓட்டிய பைக் வளைவில் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் அங்கேயே இறந்துபோனாள். அவளை அடக்கம் செய்தபோது அவர் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார்; அன்றிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. நெஞ்சிலும் பலத்த அடி. நுரையீரல் கன்றியிருந்ததால் அறுவைக்கு முழு மயக்கம் கொடுப்பது ஆபத்து. கழுத்தில் ஊசி போட்டு எலும்பைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்யலாம் என்றார் மயக்கவியல் டாக்டர் ஹெப்சிபா. அவரிடம் பயிலும் நவாஸ் மருந்தை எடுத்து வந்தான்.

ஊசியைக் கண்டதும் சுடலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது வேண்டாம். அப்படியே அறுங்க."

"தாங்க மாட்டீங்க," என்றான் நவாஸ்.

"தாங்கணும். எம் புள்ளயக் கொன்னுட்டு, எனக்கு மட்டும் வலிக்கக் கூடாதாக்கும்?"

நவாஸ் டாக்டரை ஓரமாக அழைத்தான். "லேசா மயக்கம் கொடுத்துட்டு ஊசியைப் போட்டுடலாமா மேடம்?"

"அவரைக் கேக்காமலா?"

ஹெப்சிபா ஒரு ஸ்டூலை இழுத்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"உங்க மக பேரு என்ன?"

சுடலைமணி முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"இசக்கிப்பிரியா."

"அவளுக்காக நீங்க படுற வலியை நான் தொடமாட்டேன். தொடவும் முடியாது. என் ஊசி அவ்வளவு தூரம் போகாது. இந்த எலும்பை மட்டும் கேக்கிறேன். தருவீங்களா?"

சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கழுத்தை அவர் பக்கம் காட்டினார்.

மருந்து ஏறியது. சிறிது நேரம் கழித்து நவாஸ் தோளில் ஐஸை வைத்தான்.

"குளிருதா?"

"இல்ல."

"கிள்ளுறேன். தெரியுதா?"

"இல்லய்யா."

அறுவை தொடங்கியது. முறிந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்து, உலோகத் தகடு பொருத்துவதற்காக சர்ஜன் துளைக்கப் போனபோது நெஞ்சு குலுங்கியது. முகத்தை மறைத்துக் கட்டிய பச்சைத் துணிக்கு மறுபுறம் சுடலைமணி விம்மிக்கொண்டிருந்தார்.

சர்ஜன் கையை எடுத்தார். "எலும்புக்கு அடியில பெரிய ரத்தக்குழாய் ஓடுது. இப்படிக் குலுங்கினா கை வைக்க முடியாது. லேசாவாவது தூங்க வைங்க."

"மருந்து சரியாப் பிடிக்கல போல," என்று நவாஸ் இன்னொரு சிரிஞ்சை எடுத்தான்.

ஹெப்சிபா குனிந்தார். "வலிக்குதா?"

"இல்லம்மா. ஒண்ணுமே வலிக்கல," என்றவர் வாய்விட்டு அழத் தொடங்கினார்.

ஹெப்சிபா நவாஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்க டாக்டர்," என்றார் சர்ஜனிடம்.

சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். ஈரப் பஞ்சுத்துணியால் காயத்தை மூடிவிட்டு நின்றார். அந்த அறையில் அழுகை மட்டும் கேட்டது.

நவாஸ் தாழ்ந்த குரலில் கேட்டான். "வலியே இல்லாதப்போ ஏன் மேடம் இப்படி அழறார்?"

ஹெப்சிபா சுடலைமணியின் கண்களைத் துடைத்துவிட்டார். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"இத்தனை நாளா எலும்பு அவரை அழ விடல, நவாஸ். இப்பத்தான் விட்டிருக்கு."