குழந்தைசாமி கேட்ட மந்திரம்

அன்று மலையடி மடத்தில் இருந்தவர்கள்: குரு மருதவல்லி அம்மா, வயது நாற்பத்து நான்கு. சமையல் செய்யும் நாச்சிமுத்து. மில் மேஸ்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சீடர் குழந்தைசாமி. அவர் மனைவி தெய்வானை. வாசலில் ஒரு நாய், அதைச் சேர்க்கவில்லை. ஆக, நான்கு பேர்.

தெய்வானையின் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது.

“அம்மா, இவ நாலு மணி பஸ்ஸுக்குத் தாராபுரம் போறாளாம். அக்கா வீட்டுலயே இருந்துக்கறாளாம்” என்றார் குழந்தைசாமி. “மனசு அடங்கற மாதிரி எனக்கு ஒரு மந்திரம் குடுங்க.”

“ஏனுங்க தெய்வானை அக்கா, எதுக்குப் போறீங்க?” என்றார் குரு.

“பேச்சுத் துணைக்குங்க.”

“வீட்டுல இவர் இருக்கறாரே?”

“இருக்கறாருங்க. ஆறு மாசமாச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. என்னாச்சுங்கன்னா, ஒண்ணுமில்ல. தூங்கலீங்களான்னா, ஒண்ணுமில்ல. கதவைத் தொட்டாக்கூட கிரீச்சுன்னு பதில் சொல்லுதுங்க.”

நாச்சிமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

குரு சீடரைப் பார்த்தார். “மனசுல என்ன இருக்குதுங்கண்ணா?”

“ஒண்ணுமில்லீங்கம்மா.”

“கேட்டீங்களா!” என்றாள் தெய்வானை.

“நல்ல மந்திரமா இருக்குதே” என்றார் குரு. “அதையே ஜெபிங்க. இன்னைக்கு யார் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்ல. வேற ஒரு வார்த்தை வந்தாலும் மந்திரம் கலைஞ்சுரும்.”

குழந்தைசாமிக்குப் பரம திருப்தி. இவ்வளவு சுலபமான மந்திரத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

மதியம் இலை போட்டார்கள்.

அந்த மடத்தில் கேட்காமல் எதையும் பரிமாறுவதில்லை. நாச்சிமுத்து சட்டியோடு வந்து குனிந்தார்.

“அரிசிம்பருப்புச் சோறு. வெக்கட்டுங்களா?”

“ஒண்ணுமில்ல.”

“செரிங்க.” நாச்சிமுத்து தெய்வானையின் இலைக்கு நகர்ந்தார்.

“கத்திரிக்காய்ப் பொரியலுங்?”

“ஒண்ணுமில்ல.”

“அப்பளம்?”

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. “ஒண்ணுமில்ல.”

தெய்வானை அப்பளத்தை நொறுக்கினாள். தேவைக்கு மேலேயே சத்தம் வந்தது.

கடைசியில் நாச்சிமுத்து ஒப்புட்டுத் தட்டோடு வந்தார். தேங்காய்ப் போளி, சுடச்சுட. மறு கையில் நெய்க் கிண்ணம்.

“நெய் ஊத்திப் போடட்டுங்களா மேஸ்திரி?”

குழந்தைசாமி தட்டைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். குரு தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்…” என்றார். மூச்சை இழுத்து விட்டார். “…ணுமில்ல.”

“பாவம், வயிறு சரியில்ல போல” என்றாள் தெய்வானை. “அவரோடதையும் எனக்கே போடுங்கண்ணா.”

“பசிக்குது!” என்று கத்தினார் குழந்தைசாமி.

நாய் எழுந்து நின்றது. தெய்வானையின் கை பாதி வழியில் நின்றது.

“நாச்சிமுத்தண்ணா, போடுங்க” என்றார் குரு. “கேட்டுட்டாரு பாருங்க.”

ஒப்புட்டு விழுந்தது. நெய் பரவியது. குழந்தைசாமி ஒரு துண்டு பிய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அப்புறம்?” என்றார் குரு.

“பயமாவும் இருக்குதுங்கம்மா.”

குழந்தைசாமி பிய்த்த துண்டை இலையிலேயே வைத்தார்.

“மில்லுல இருந்தப்ப, மேஸ்திரி இதென்ன, மேஸ்திரி அதென்னன்னு கேட்டுட்டே இருப்பாங்க. இப்ப யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. காலைல கண்ணு முழிச்சா, எதுக்கு எந்திரிக்கறதுன்னு தெரியல. நெஞ்சு மேல மூட்டை வெச்ச மாதிரி இருக்குது. இவகிட்டச் சொன்னா இவளும் பயந்துக்குவான்னு…”

தெய்வானை இடக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதச் சொல்ல வயிறு காயோணுமாக்கும்? நான்தான் என்னமோ தப்புப் பண்ணிட்டன்னு நெனச்சேன். என்ன சொன்னேன், என்ன செஞ்சேன்னு தினமும் தேடிட்டிருந்தேன். எம்மேல என்னங்க கோவம் உங்களுக்கு?”

“உம்மேலயா? ஒண்ணுமில்ல!”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முதலில் தெய்வானை சிரித்தாள். பிறகு நாச்சிமுத்து, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு.

“ஏனுங்கம்மா, இது ஜெபத்துல சேருமுங்களா?” என்று கேட்டார் குழந்தைசாமி.

“சேராது” என்றார் குரு. “இது நெசம்.”

குழந்தைசாமி நான்கு ஒப்புட்டு சாப்பிட்டார்.

இருந்தாலும் மூன்றரை மணிக்குத் தெய்வானை பையை எடுத்தாள். “அக்காகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்” என்றாள், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

குழந்தைசாமி குருவைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்கறீங்க?” என்றார் குரு. “பஸ் ஏறப்போறது நானுங்களா?” இரவுக்கான இலைகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பை அவர் கையில் இருந்தது.

பஸ் வந்தது. “தாராபுரம், தாராபுரம்! ஏறுங்கக்கா!” என்றார் கண்டக்டர்.

தெய்வானை பைக்காகக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“என்னங்க?”

“மூட்டை இன்னும் எறங்கல தெய்வானை. பாதிதான் எறங்கியிருக்குது.”

“அதுக்கு?”

“நீ போகாத. மீதியும் சொல்லோணும். நாளைக்கு ஒரு டாக்டரையும் பாக்கலாம்னு இருக்கறேன். கூட வா.”

“அக்கா, பேசி முடிக்கற வரைக்கும் டிரைவரு காத்திருக்க மாட்டாருங்க” என்றார் கண்டக்டர்.

விசில் ஒலித்தது. பஸ் போனது. புழுதி அடங்கியது.

நிறுத்தத்தில் மிச்சம் நின்றவர்கள் இரண்டு பேர்.