இது யார் பெத்த பிள்ளை?

"உஸ்தாத், என் கஜல்ல என்ன குறை?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் பிஜ்ஜார். பலூச்சிஸ்தானத்து ஒட்டகக்காரர், வயது ஐம்பத்தைந்து. பாடம் சொல்லும் உஸ்தாத் கியா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் பாரசீகக் கவிதையில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது.

ஒவ்வொரு முறையும் மூன்று நாள் பயணம் செய்து வந்து, பதினோரு வருஷமாகப் பாடம் கேட்கிறார் பிஜ்ஜார். அந்தக் கவிதை மேல் அப்படியொரு பைத்தியம் மனுஷருக்கு!

"குறைன்னு யார் சொன்னது?"

"எங்கம்மா."

தம்பி ஷம்பேயைப் போன மாதம் மலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து தாயின் கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அவனுக்கு ஒரு பாட்டுக் கட்டுடா. நான் அழணும்" என்றாள்.

பிஜ்ஜார் தாய்மொழியிலேயே, பாரசீக முறைப்படி கஜல் கட்டினார். ரோஜாவைப் பிரிந்த புல்புல் பறவை. சாய்ந்த சைப்ரஸ் மரம். அணைந்த மெழுகுவர்த்தி. அடிக்கு அடி 'மறைந்ததே' என்ற ஒரே சொல் கடைசியில் வந்து நின்றது. அதை ரதீஃப் என்பார்கள். கடைசி அடியில் முறைப்படி தன் பெயரையும் வைத்தார். அப்பழுக்குச் சொல்ல முடியாது.

"கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

"'நல்லாத்தான் இருக்கு. இது யார் பெத்த பிள்ளை?'ன்னு கேட்டாங்க, உஸ்தாத்."

உஸ்தாத் சிரிக்கவில்லை.

"எனக்கு இது வேண்டாம். நீங்க பாடத்துக்குக் கொடுத்த கவிதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

உஸ்தாத் புத்தகத்தை வாங்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்.

"வந்தவர் இன்னும் ஹால் சொல்லலையே?"

பிஜ்ஜாருக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஹால் சொல்ல வேண்டும். கிளம்பிய இடத்திலிருந்து சேதி ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். பலூச்சிக்கு அதை மறப்பது எவ்வளவு பெரிய தப்பு!

சம்மணமிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"செவ்வாய்க்கிழமை ஒட்டகத்துக்குச் சேணம் கட்டினேன். மறுபக்கம் கயிறு பிடிக்க ஷம்பே இல்லை."

உஸ்தாத் தன் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார்.

"மழை நல்ல மழை. ஆடு நிறையக் கறக்குது. நுரையோட வாங்கிக் குடிக்க ஷம்பே இல்லை."

இன்னொரு தட்டு.

"பேரீச்சை பழுத்தாச்சு. மரத்து மேலேயிருந்து அம்மாகூட அரட்டை அடிக்க ஷம்பே இல்லை."

மறுபடி ஒரு தட்டு.

பிஜ்ஜார் சட்டென்று நிறுத்தினார். உஸ்தாத்தின் கையைப் பார்த்தார்.

"சொல்லும், நிறுத்தாதீர். கடைசிச் சேதி பாக்கி இருக்கே."

"கதவு அசைஞ்சா போதும், அம்மா 'ஷம்பேயா?'ன்னு கேட்கிறா." அம்மாவுக்குத் தான் சொல்லும் பதிலையும் சொன்னார். "பிஜ்ஜார்தான் அம்மா... ஷம்பே இல்லை."

இந்த முறை உஸ்தாத்தால் தட்ட முடியவில்லை.

'ஷம்பே இல்லை... ஷம்பே இல்லை' என்று அந்த ரதீஃபைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார் பிஜ்ஜார். பிறகு புத்தகத்தை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். தன் பைக்குள் பத்திரமாக வைத்தார். எழுந்துவிட்டார்.

"என்ன அவசரம்? சாப்பிட்டுட்டுக் கிளம்பும்."

"அம்மா இன்னும் அழலை, உஸ்தாத்."