குதிரைக்குப் பண்டிதர்

முன்னொரு காலத்தில் கடலோரச் சீமை ஒன்றை உத்தமகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும் அவருக்கு. துருக்கி வியாபாரி இல்யாஸிடம் வெள்ளைக் குதிரை ஒன்றை வாங்கியவர், "வழியனுப்பு விருந்தில் அவர் பாஷையிலேயே பேசப்போகிறேன், கற்றுக்கொடும்!" என்று மந்திரி திருவேகம்பரைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்தில் வளர்ந்த மந்திரிக்குத் துருக்கி தண்ணீர் பட்ட பாடு.

"மகாராஜா, 'அத்' என்றால் குதிரை. 'அத்திம்' என் குதிரை, 'அத்தின்' உன் குதிரை. 'அத்தி' என்றால் குதிரையை, 'அத்தா' என்றால் குதிரைக்கு. நம்முடைய ஐ, கு மாதிரி பின்னால் ஒட்டிக்கொள்ளும்."

"ஒரு குதிரைக்கு இத்தனை வாலா?"

தன் குதிரையைத் தட்டிக்கொடுத்து "அத்தின்!" என்பார் ராஜா.

"ஐயோ, அப்படிச் சொன்னால் குதிரை இல்யாஸுடையதாகிவிடும்!"

"சரி, அத்தா!"

தொண்டை வறண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பிப்பார் மந்திரி.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஆஸ்தானப் பண்டிதர் கனகசபேசர் மெல்லக் குழைந்தார். "பிரபு, இந்த வாலெல்லாம் உங்களைக் குழப்ப மந்திரி கட்டிவிட்டது. வெட்டி எறியுங்கள்!"

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இனி என் சபையில் துருக்கியானாலும் தமிழானாலும் பெயர்ச்சொல்லுக்கு வால் கிடையாது! வால் ஒட்டுகிறவர் பதவி போய்விடும்!"

பண்டிதர் மந்திரியைப் பார்த்துச் சிரித்தார். உச்சி குளிர்ந்த ராஜா அவருக்குப் பரிசும் அறிவித்தார்: "மந்திரி! வெள்ளைக் குதிரை பண்டிதர் கொடு!"

திருவேகம்பருக்குப் பொறுமை அதோடு தீர்ந்தது. காவலர்களைக் கூப்பிட்டார். "பண்டிதர் தூக்கு! குதிரை கொடு!"

காவலர்கள் பண்டிதரை அலாக்காகத் தூக்கிப்போய் லாயத்தில் குதிரையின் வாய்க்கு நேரே நிறுத்தினார்கள். ராஜாவும் மந்திரியும் பின்னாலேயே ஓடினார்கள். குதிரை பண்டிதரின் பட்டுச் சால்வையைக் கவ்வி மெல்ல ஆரம்பித்தது.

"ஐயையோ! மகாராஜா குதிரையை எனக்குக் கொடுக்கச் சொன்னார்! என்னைக் குதிரைக்கு அல்ல!" என்று அலறினார் பண்டிதர்.

மந்திரி கைகட்டி நின்றார். "மகாராஜா, பண்டிதர் நாலு வால் ஒட்டிவிட்டார். அவர் பதவி போய்விடுமா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உத்தரவும் பரிசும் அங்கேயே ரத்தாயின. விருந்தன்று அவர் குதிரையின் கழுத்தைத் தடவி, "அத்திம்!" என்று பிசகாமல் சொல்ல, இல்யாஸ் மகிழ்ந்துபோய்த் தலை வணங்கினார்.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. பண்டிதர் கிழிந்த சால்வையோடு தலைகுனிந்து நின்றார்.

"கனகசபேசரே, உம் சூழ்ச்சிக்குத் தண்டனை உண்டு," என்றார் ராஜா. "நாளை முதல் நீரும் மந்திரியிடம் துருக்கி படியும்!"

"மகாராஜா," என்றார் திருவேகம்பர் ஈனக்குரலில், "இது யாருக்குத் தண்டனை?"