கோமதியின் நாற்காலி

கருங்குன்றின் உச்சியில் வடிவம்மை என்னும் துறவி வாழ்ந்துவந்தார். அவருடைய குடிலின் கதவு, படிக்கும் பலகை, உட்காரும் மணை யாவும் அவர் கையால் ஆனவை. அடிவாரத்திலிருந்து ஏறிவந்து அவரிடம் பாடம் கேட்ட ஆவுடையப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். ஊரில் உரக்கப் பேசுபவர். குருவின் முன்னே மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்பவர்.

ஆவுடையப்பனின் மனைவி கோமதிக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஆகவே நின்றுகொண்டே சாப்பிட்டாள். பார்க்கப் பொறுக்காமல், தம் கையாலேயே ஒரு நாற்காலி செய்து தருவதாக ஆவுடையப்பன் வாக்குக் கொடுத்தார். உளி பிடித்தறியாத கை அது.

"கடையில் நாற்காலிக்குப் பஞ்சமா?" என்றாள் கோமதி.

"கடைக்காரனுக்கு உன் முழங்காலின் உயரம் தெரியுமா?"

தோட்டத்து வேம்பு ஐப்பசிக் காற்றில் சாய்ந்தது. அதை அறுத்துப் பலகையாக்கினார். கால்களின் தலைப்பில் முளை செதுக்கினார். இருக்கைச் சட்டத்தில் துளை எடுத்தார். முளை துளைக்குள் போக மறுத்தது. ஒரு காலையும் சட்டத்தையும் தோளில் சுமந்துகொண்டு, மழையில் குன்றேறினார்.

"எப்படிப் பொருத்துவது, அம்மா?"

வடிவம்மை மரத்தை முகர்ந்து பார்த்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்.

ஆவுடையப்பனின் முகம் சுருங்கியது. எப்படிப் பொருத்துவது என்று கேட்டால், 'பொருத்து' என்கிறாரே! ஆனாலும் குருவின் ஏவல். வீட்டுக்கு வந்து முளைகளைச் சீவினார். சுத்தியலால் அடித்து ஏற்றினார். நாற்காலி நின்றது. அண்டை அயலாரை எல்லாம் அழைத்துக் காட்டினார். கோமதி அதில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டாள்.

மாசி வெயிலில் நாற்காலி முனகத் தொடங்கியது. ஒரு நண்பகலில் கால் கழன்றது. கோமதி சோற்றுத் தட்டோடு தரையில் விழுந்தாள். எலும்பு முறியவில்லை, அவள் கத்தவும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து, மறுபடி சோறு போட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்:

"இனி நீங்கள் செய்யும் எதிலும் உட்கார மாட்டேன். கடையில் வாங்கினாலும் மாட்டேன்."

கழன்ற காலை எடுத்துக்கொண்டு ஆவுடையப்பன் குன்றேறினார். அதே கேள்வியைக் கேட்டார். வடிவம்மையும் அதே சொல்லைச் சொன்னார்.

"பொருத்தியதுதானே அம்மா விழுந்தது!" முதன்முறையாக அவர் குரல் குருவின் முன் உயர்ந்தது.

வடிவம்மை அப்போது ஒரு சன்னலுக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். தரையில் உதிர்ந்த மரத்தூளை உள்ளங்கையால் பரப்பி, விரலால் ஓர் எழுத்தை எழுதினார்.

ற.

ஆவுடையப்பன் நெடுநேரம் அதையே பார்த்தார். பொருத்து அன்று, பொறுத்து.

"ஏவலாகக் கேட்டுவிட்டீர்கள், ஐயா. நான் சொன்னது வினையெச்சம்."

"எவ்வளவு காலம் பொறுத்து?"

"ஈரத்தைக் கேளுங்கள்."

மிஞ்சிய வேம்பை ஆவுடையப்பன் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினார். அவ்வப்போது ஒவ்வொரு கட்டையாக இறக்கி, கையில் எடை பார்த்து, முகர்ந்துவிட்டு மீண்டும் ஏற்றினார்.

"நாற்காலி பழுத்துவிட்டதா?" என்று கோமதி கேட்பாள்.

ஒரு கோடை போயிற்று; ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்த கோடையில் மரம் கையில் கனக்கவில்லை. கசப்பு வாசனையும் அடங்கியிருந்தது. முளை செதுக்கித் துளையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். உள்ளே இருந்த காற்று மெல்ல மூச்சுவிட, முளை தானே போய் அமர்ந்தது. சுத்தியலை அவர் தொடவேயில்லை.

ஐப்பசி மழை வந்ததும், சோதித்துப் பார்க்க ஒரு காலைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பசையும் ஆணியும் இல்லாமல், கையால் நுழைத்த கால் அது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து இழுத்தார். நாற்காலி முழுதும் அவரோடு போயிற்றே தவிர, கால் கழலவில்லை. வெட்டுண்டு, அறுபட்டு, பரணில் காய்ந்த மரம் மழை வந்ததை அறிந்திருந்தது. ஆவுடையப்பன் அந்தக் காலை மெல்லத் தடவிப் பார்த்தார்.

கோமதியோ அந்த நாற்காலியில் தண்ணீர்க் குடத்தை வைத்தாள். "குடம் நசுங்கினால் தட்டிச் சரிசெய்யலாம்" என்றாள்.

ஆவுடையப்பன் மீண்டும் குன்றேறினார்.

"நாற்காலியை மழையே இறுக்கிவிட்டது, அம்மா. அவளை எப்படி உட்காரவைப்பது?"

வடிவம்மை அதே ஒற்றைச் சொல்லைச் சொன்னார். குடிலின் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. ஆயினும் அந்தச் சொல்லின் நடுவில் இருந்த வல்லெழுத்து இம்முறை அவர் காதில் தெளிவாக விழுந்தது.

கார்த்திகை கழிந்தது. நாற்காலியின் மேல் குடம் இருந்தது. ஆவுடையப்பன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, குளித்துவிட்டு வந்தவர் அடுக்களையில் கால்வைத்தார். குடம் தரையில் இருந்தது. கோமதி நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

தலை நிமிராமலே, "என் தட்டைக் கொண்டுவாருங்கள்" என்றாள்.

ஆவுடையப்பன் தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.